எம்பி எவ்வளவு என்பதை விட, கார்வை எப்படி நிற்கிறது என்பதைப் பாருங்கள்

கீபோர்டு வாய்ஸ் (கீபோர்டில் ஒரு வாத்தியத்தின் ஒலியைத் தரும் பதிவுத் தொகுப்பு) ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வரும் கேள்வி, "சைஸ் எத்தனை எம்பி?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை, ஆனால் அந்த எண் பாதி உண்மையைத்தான் சொல்லும். அந்த எம்பியெல்லாம் சுரத்தின் எந்தப் பகுதிக்குச் செலவாகியிருக்கிறது, லூப் (ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விடுவது) எங்கே எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் வாய்ஸின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

முதலில் கணக்கு. நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அலையின் அளவீடு), ஒவ்வொன்றும் 16 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு நொடிக்கு 1,76,400 பைட். பியானோவின் 88 கீயையும் தலா 20 நொடி பதிவு செய்தால் சுமார் 310 எம்பி. மெதுவாக அழுத்தினால் ஒரு ஒலி, ஓங்கி அழுத்தினால் வேறு ஒலி என்று நாலு வெலாசிட்டி லேயர் வைத்தால் 1.2 ஜிபியைத் தாண்டிவிடும். 1988-ல் வந்த கோர்க் எம்1 கீபோர்டில் எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்தே 4 எம்பிதான் இருந்தது. மேலே சொன்ன தரத்தில் மோனோவாகப் போட்டால்கூட அது 47 நொடிக்கு மேல் வராது. அதற்குள் பியானோ, வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லாம் அடங்கின என்றால் காரணம் லூப்தான்.

ஒரு வாத்தியத்தை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் ஆரம்பத்தின் சில நூறு மில்லிசெகண்ட். வில் நரம்பைப் பிடிக்கும் உராய்வு, குழலில் காற்று திரும்பும் சத்தம், சுத்தியல் கம்பியில் விழும் அடி எல்லாம் அங்கேதான். அந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. அதற்குப் பிறகு வரும் கார்வை, அதாவது சுரம் நீண்டு நிற்கும் பகுதி, ஏறக்குறைய ஒரே அலை திரும்பத் திரும்ப வருவது. அதில் ஒரு துண்டை எடுத்துச் சுற்ற விட்டால் விரல் கீயில் இருக்கும் வரை சுரம் நிற்கும்.

சொல்ல எளிது. போடும்போதுதான் சிக்கல் தெரியும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு சுற்று 100.227 சாம்பிள் நீளம். லூப் புள்ளியோ பெரும்பாலும் முழு எண்ணில்தான் வைக்க முடியும். 100 சாம்பிளில் சுற்றினால் சுரம் 441 ஹெர்ட்ஸ் ஆகி, சுமார் 4 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறிவிடும். இது பரவாயில்லை என்று விடலாம். பியானோவின் கடைசி கீயைப் பாருங்கள்: 4,186 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 10.5 சாம்பிள். 10 என்று வைத்தால் 90 சென்ட் ஏறும், 11 என்று வைத்தால் 75 சென்ட் இறங்கும். கிட்டத்தட்ட அடுத்த சுரத்துக்கே போய்விடும்! ஒரு சுற்றில் விடாமல் பல சுற்றுகளைச் சேர்த்து எடுப்பதுதான் தீர்வு. 440 ஹெர்ட்ஸில் 22 சுற்று எடுத்தால் சரியாக 2,205 சாம்பிள். பின்னமே கிடையாது, சுருதி அசையாது.

லூப்பின் முடிவும் ஆரம்பமும் ஒட்டும் இடத்தில் அலை பூஜ்யக் கோட்டைத் தாண்டும் புள்ளியாகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். அது மட்டும் போதாது. ஆரம்பப் புள்ளியில் அலை மேல்நோக்கிப் போகிறது என்றால் முடிவுப் புள்ளியிலும் மேல்நோக்கியே போக வேண்டும், சரிவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே ஒரு முறிவு விழும். நீளமான லூப் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டிக்" கேட்கும். 100 சாம்பிள் லூப் என்றால் அதே முறிவு நொடிக்கு 441 தடவை வருவதால் டிக்காகக் கேட்காது, சுரத்தோடு கலந்த ரீங்காரமாகக் கேட்கும். பலர் இதைப் பதிவின் குறை என்று நினைத்து மைக்கை மாற்றிப் பார்க்கிறார்கள். குறை ஒட்டில் இருக்கிறது.

ஹார்மோனியம் மாதிரி ஒரு கீக்கு இரண்டு ரீட் ஒலிக்கும் வாத்தியத்தில் இன்னொரு விஷயம் சேரும். ஒரு ரீட் 440, இன்னொன்று 441 என்று வையுங்கள். இரண்டும் உரசி நொடிக்கு ஒரு தடவை ஒலி ஏறி இறங்கும். லூப்பைச் சரியாக ஒரு நொடிக்கு, அதாவது 44,100 சாம்பிளுக்கு வைத்தால் இரண்டு ரீட்டும் முழுச் சுற்றுகளாக முடிந்து அலை அழகாக மூடும். 0.7 நொடியில் வைத்தால் ஏற்றத்தின் நடுவில் வெட்டுப்பட்டு, மூச்சு வாங்குவது போலக் கேட்கும். வயலினின் வைப்ரேட்டோவுக்கும் (சுரத்தை லேசாக அசைத்து வாசிப்பது) இதே விதிதான். நொடிக்கு 6 அசைவு என்றால் அரை நொடி லூப்பில் சரியாக 3 அசைவு அடங்கும். அந்தச் சாம்பிளை (இங்கே, பதிவு செய்த ஒலித்துண்டு முழுவதும்) மூன்று அரைச்சுரம் மேலே வாசித்தால் அது வேகமாக ஓடி அசைவு 7.1 ஆகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு சாம்பிளை நாலைந்து கீக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது.

கோரஸ், ஸ்டிரிங்ஸ் போன்ற கூட்டு ஒலிகளில் பொருந்தும் புள்ளி என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது. இரண்டு மூன்று நொடி நீளத்துக்கு லூப் எடுத்து கிராஸ்ஃபேட் போடுவதுதான் (ஒரு ஒலியைக் குறைத்தபடியே இன்னொன்றை ஏற்றிக் கலப்பது) வழி. இங்கே கலக்கும்போது மொத்த ஆற்றல் மாறாத ஈக்வல் பவர் வளைவு பொருந்தும்; நேர்கோட்டில் ஏற்றி இறக்கும் லீனியர் போட்டால் ஒட்டில் 3 டெசிபல் வரை பள்ளம் விழும். தனிக் குழல் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே அலையாக இருக்கும்போது நேர்மாறு: லீனியர்தான் சரி, ஈக்வல் பவர் போட்டால் மேடு தட்டும். கிராஸ்ஃபேட் தனக்கான ஒலியை லூப் ஆரம்பத்துக்கு முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து எடுக்கும். லூப் 0.5 நொடியில் ஆரம்பித்து கிராஸ்ஃபேட் 0.45 நொடி என்று வைத்தால், வில் பிடிக்கும் உராய்வும் உள்ளே வந்து, ஒவ்வொரு சுற்றிலும் பேய் மாதிரி லேசாக ஒரு புது அடி கேட்கும்.

பியானோ தனி ரகம். கம்பியின் விறைப்பால் அதன் மேல் ஒலிகள் (அடிப்படை அதிர்வோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வுகள்) அடிப்படை அதிர்வின் சரியான மடங்காக வருவதில்லை, கொஞ்சம் மேலே தள்ளியே நிற்கும். அதனால் எல்லாம் ஒன்றாக முடியும் லூப் நீளம் என்று கணக்கிலேயே கிடையாது. சின்ன லூப் போட்டால் பியானோ ஆர்கனாக மாறிவிடும். மேல் ஸ்தாயி தானாகவே சீக்கிரம் அடங்குவதால் அங்கே லூப் வேண்டாம், முழுதாக வையுங்கள். நடுவிலும் கீழேயும் நாலைந்து நொடி கழித்து லூப் போடலாம். போடும் முன் அந்தத் துண்டின் தேய்மானத்தைச் சமன் செய்யுங்கள். துண்டுக்குள் ஒலி 6 டெசிபல் தேய்ந்திருந்தால், ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் 6 டெசிபல் குதிக்கும். சமன் செய்து, லூப் போட்டு, அப்புறம் என்வெலப்பில் (நேரத்தோடு ஒலி அளவு மாறும் அமைப்பு) தேய்மானத்தைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே உயர்ந்த அதிர்வுகளைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டரும் மெதுவாக மூட வேண்டும். உண்மையான கம்பியில் கூர்மை முதலில் சாகும், அடிநாதம் கடைசியில்தான் அடங்கும்.

ஃபார்மட் மாற்றும்போது ஒரு சாம்பிள் தவறும் பிழை நிறையப் பேரைக் கடிக்கிறது. வேவ் (WAV) ஒலி ஃபைலில் குறித்திருக்கும் லூப் முடிவுப் புள்ளியும் சேர்ந்து ஒலிக்கும். வாய்ஸ்களைத் தொகுத்து வைக்கும் சவுண்ட்ஃபான்ட் ஃபார்மட்டில் முடிவு என்பது லூப்புக்கு அடுத்த புள்ளி. எண்ணை அப்படியே நகல் எடுத்தால் லூப் ஒரு சாம்பிள் குறையும். 100 சாம்பிள் லூப் என்றால் சுருதி 17 சென்ட் ஏறிவிடும். ஆரம்பத்தில் சுத்தமாக இருந்த சுரம் கார்வையில் மட்டும் விலகினால் முதலில் இதைச் சோதியுங்கள். 48,000-லிருந்து 44,100-க்கு மாற்றுவதாக இருந்தால் லூப் போடும் முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் 1,000 சாம்பிள் லூப் 918.75 ஆகி மறுபடியும் பின்னத்தில் மாட்டும்.

முடித்த வாய்ஸைச் சோதிக்கும்போது ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) அணைத்துவிடுங்கள், அது ஒட்டை மூடி மறைக்கும். ஹெட்ஃபோனில், அந்தச் சாம்பிள் போய்ச் சேரும் மிக உயரமான கீயை ஒரு நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு மிகத் தாழ்ந்த கீ. கடைசியாக, ஒரே சாம்பிளைப் பகிரும் இரண்டு கீயைச் சேர்த்துப் பிடித்துக் கேளுங்கள். தனியாகக் கேட்டபோது ஒளிந்திருந்த துடிப்பு, வேகம் மாறி இரண்டாக வரும்போது தெரிந்துவிடும்.