சின்ன ஸ்டீம் லோகோ பாயிண்ட்ல நிக்குதா? முதல்ல சக்கரத்தைப் பாருங்க

மாடல் ரயில்வேல டீசல் லோகோவெல்லாம் எட்டு சக்கரம், பன்னெண்டு சக்கரத்துல தண்டவாளத்துலேர்ந்து கரண்ட் எடுத்துக்கிட்டு எந்த பாயிண்ட்டையும் (தண்டவாளம் ரெண்டா பிரியற இடம், டர்ன்அவுட்னும் சொல்வாங்க) அலட்டிக்காம தாண்டிடும், ஆனா 0-4-0, 0-6-0னு (மொத்தமே நாலு இல்லன்னா ஆறு சக்கரம்) அந்தக் குட்டி ஸ்டீம் லோகோ இருக்கே, யார்டுல ஊர்ந்து வந்து ரெண்டு வேகனை மெதுவா தள்ளிட்டுப் போற அழகுக்காகத்தான் அதை வாங்குறோம், சரியா அந்த மெதுவான வேகத்துலதான் டர்ன்அவுட் நடுவுல நின்னுடும். உள்ள இன்ஜின் சத்தம் எழுப்பற சவுண்ட் டீகோடர் இருந்தா இன்னும் கொடுமை, சத்தம் பட்டுனு அறுந்து மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். விரலால ஒரு தட்டு தட்டினா ஓடும். நிறைய பேர் அப்படித் தட்டியே பழகிட்டாங்க, அது தேவையே இல்லைங்கறதுதான் என் கட்சி.

உடனே எல்லாரும் ஃப்ராக் மேல பழி போடுவாங்க. ரெண்டு தண்டவாளம் குறுக்க வெட்டிக்கிற அந்த இடம் பிளாஸ்டிக்கா இருந்தா அங்க கரண்ட் கிடையாது, உண்மைதான். ஆனா ஒரு சமயத்துல ஒரு பக்கத்து சக்கரம்தான் அது மேல போகும், எதிர்ப்பக்கம் முழுக்க உயிரோட இருக்கு. 0-4-0க்கு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம், அதுல ஒண்ணு பிளாஸ்டிக் மேல இருந்தாலும் இன்னொண்ணு தண்டவாளத்து மேலதான் இருக்கும், வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) அந்த பிளாஸ்டிக்கை விட நீளமா இருந்தா போதும். அப்புறம் ஏன் நிக்குது? அந்த மிச்சமிருக்குற ஒரே சக்கரம் நிஜமா தொடலை, அதனாலதான்.

ஏன் தொடலைன்னா, சேஸிஸ் (லோகோவோட அடிச்சட்டம்) விறைப்பா இருக்கு. சமமில்லாத தரையில நாலு கால் ஸ்டூல் போட்டா மூணு கால்தான் ஊணும் இல்லையா, அதே கதைதான். போதாததுக்கு ஃப்ராக்ல ஃப்ளாஞ்ச் (சக்கரத்தோட உள்விளிம்பு) போறதுக்கு விட்டிருக்கற இடைவெளியில சக்கரம் லேசா இறங்கி ஏறும், அப்போ லோகோ ஒரு முடி அளவு சாயும், சரியா அந்த நேரம் பார்த்து நமக்கு வேணுங்கற சக்கரம் தூக்கிக்கும். லைட்டை அணைச்சுட்டு, தண்டவாள மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் பின்னாடி ஒரு டார்ச் வெச்சு லோகோவை ஊர விட்டுப் பாருங்க, சக்கரத்துக்கு அடியில ஒரு வெளிச்சக் கோடு வந்து வந்து மறையும். அந்தச் சக்கரத்துல இழுவைக்காக ரப்பர் டயர் வேற போட்டிருந்தா சுத்தம், அது தண்டவாளத்தைத் தொட்டாலும் கரண்ட் எடுக்காது. டயர் இல்லாத வீல் செட் கிடைச்சா நான் மாத்திடுவேன், குறையுற இழுவைக்கு பாய்லருக்குள்ள கொஞ்சம் வெயிட் சேர்த்தா போச்சு, வெயிட் ஏறினா பிக்கப்பும், அதாவது சக்கரம் கரண்ட் எடுக்கறதும், நல்லா இருக்கும்.

டெண்டர் (லோகோவுக்குப் பின்னாடி கோர்த்த கரி, தண்ணி வண்டி) இருக்கற லோகோன்னா வழி சுலபம். பழைய மாடல் பலதுல லோகோ ஒரு தண்டவாளத்துலேர்ந்தும் டெண்டர் இன்னொண்ணுலேர்ந்தும் மட்டும் எடுக்கும், அதை அப்படியே விட வேணாம், ரெண்டுலயும் ரெண்டு பக்கமும் எடுக்க வைக்கணும். டெண்டர் சக்கரத்துக்குப் பின்பக்கம் மெல்லிசான பாஸ்ஃபர் பிரான்ஸ் கம்பியை சக்கரத்தை உரசிக் கரண்ட் எடுக்கற வைப்பரா வளைச்சு வைங்க, தொட்டும் தொடாம இருக்கணும், அழுத்தினா அதுவே பிரேக் ஆயிடும், சக்கரம் சுத்தாம இழுபடும். லோகோவுக்குப் போற வயர் துவண்டு தொங்கற மாதிரி இருக்கணும், விறைப்பான வயர் டெண்டரையே தூக்கிடும். டேங்க் லோகோவுக்கு டெண்டர் கிடையாது, அதுக்கு ஒரு வேகனை நிரந்தரமா கோர்த்து அதுல பிக்கப் வெச்சுடறதுதான் நல்லது, பார்க்கவும் உறுத்தாது.

பாயிண்ட்டுலயும் வேலை இருக்கு. மெட்டல் ஃப்ராக்னா எந்தப் பாதைக்கு மாத்தறோமோ அதுக்கேத்த மாதிரி அதோட போலாரிட்டியும் மாறணும், பலர் அதை பிளேடு (பாதை மாத்த நகர்ற தண்டவாளம்) நுனி ஸ்டாக் ரெயிலை (அதுக்குப் பக்கத்துல நகராம இருக்கற தண்டவாளம்) தொடறதை நம்பியே விட்டுடறாங்க. பாலாஸ்ட் (தண்டவாள ஜல்லி) ஒட்டின பசையோ பெயிண்ட்டோ துளி அங்க பட்டிருந்தா போச்சு, பாயிண்ட்ல பாதி செத்துடும். ஒவ்வொரு பிளேடையும் பக்கத்து ஸ்டாக் ரெயிலோட வயர் வெச்சு இணைச்சு, ஃப்ராக்கைத் தனியாப் பிரிச்சு, பாயிண்ட் மோட்டர்ல இருக்கற ஸ்விட்ச் வழியா அதுக்கு கரண்ட் கொடுங்க. ஃப்ராக்குக்கு அப்பால உள்பக்க ரெண்டு தண்டவாளத்துலயும் இன்சுலேட்டட் ஜாயினர் (கரண்ட் கடத்தாத இணைப்பு) போட மறந்துடாதீங்க, இல்லன்னா ஷார்ட் ஆகும்.

இப்போ டிசிசில (தண்டவாளம் வழியா டிஜிட்டல் சிக்னல் அனுப்பி லோகோவை ஓட்டற முறை) இருக்கறவங்க எல்லாத்துக்கும் கீப் அலைவ் கெப்பாசிட்டர் (கரண்ட் அறுந்தா கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கறது) போடச் சொல்றாங்க. நல்ல சாமான்தான், நானும் போடறேன், ஆனா கடைசியா. சக்கரம் அழுக்கா, வைப்பர் தொடாம இருக்கும்போதே போட்டா அது குறையை மறைச்சுடும், அழுக்கு சேர்ந்துட்டே போய் ஒருநாள் கெப்பாசிட்டராலயும் தாங்க முடியாது. அதை டீகோடரோட பாசிட்டிவ், கிரவுண்டுலதான் சேர்க்கணும், தண்டவாளத்துலேர்ந்து வர்ற வயர்ல நேரா சேர்த்தா கெட்டுடும், ஏன்னா அங்க போலாரிட்டி மாறிக்கிட்டே இருக்கு.

சுத்தம் பண்றதுக்கு டிஷ்யூ பேப்பர்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்சு தண்டவாளத்துக்குக் குறுக்க போட்டு, லோகோவோட பாதி சக்கரத்தை அது மேல ஓட விடுங்க, கறுப்பா ரெண்டு கோடு விழும், கோடு வராத வரைக்கும் பேப்பரை நகர்த்திக்கிட்டே இருங்க. உப்புத்தாள் மட்டும் வேணாம், அதோட கீறல்லதான் அடுத்த அழுக்கு போய் உக்காரும். எல்லாம் முடிச்சப்புறம் இருக்கறதிலேயே மெதுவான ஸ்பீடுல, ரெண்டு பாதையிலயும், முன்னாடியும் பின்னாடியும் ஓட்டிப் பாருங்க, ஒரு பக்கம் போறப்ப மட்டும் நின்னுச்சுன்னா அந்தப் பக்கத்து பிளேடையும் வைப்பரையும்தான் முதல்ல மீட்டர் வெச்சுப் பார்க்கணும்.