பாபநாசத்துக் குரங்கும் கேமரூன் சிம்பன்சியும்

“அண்ணாச்சி, குரங்கு பிராண்டிட்டு. எய்ட்ஸ் கிய்ட்ஸ் வந்திருமா?”

குற்றால சீசனிலும், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டுத் தங்கும் நாட்களிலும் தவறாமல் வருகிற கேள்வி இது. வராது. எய்ட்ஸ் குரங்கிலிருந்து வந்தது என்பது உண்மைதான், ஆனால் எந்தக் குரங்கு என்பதை யாரும் கேட்பதில்லை.

எச்.ஐ.வி.க்கு உறவான குரங்கு வைரஸ்களுக்கு எஸ்.ஐ.வி. என்று பொதுப்பெயர். ஆப்பிரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட குரங்கினங்களில் இருக்கின்றன. ஆசியக் குரங்குகளுக்கு இயற்கையில் அது கிடையாது. பாபநாசத்தில் பையைப் பிடுங்கும் நாட்டுக்குரங்கு, காரையாற்றுக் காட்டுக் கருமந்தி, மாஞ்சோலைப் பக்கத்துச் சிங்கவால் குரங்கு எல்லாம் இந்தக் கணக்கில் சேராதவை.

1985-ல் அமெரிக்க ஆய்வுக்கூடத்து ரீசஸ் குரங்குகளில் எஸ்.ஐ.வி. அகப்பட்டபோது குழப்பம் வந்தது. ரீசஸ் நம் நாட்டுக்குரங்குக்குப் பங்காளி, ஆசியக் குரங்கு. விசாரித்துப் பார்த்தால், அங்கே கூண்டுகளில் வளர்த்த சூட்டி மங்காபே என்ற மேற்கு ஆப்பிரிக்கக் குரங்கிலிருந்து தொற்றியிருக்கிறது. மங்காபேக்கு அந்த வைரஸால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ரீசஸுக்கோ அது எய்ட்ஸ். மங்காபேயின் அதே வைரஸ்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதனிடம் வந்து, எச்.ஐ.வி.யின் இரண்டு வகைகளில் ஒன்றான எச்.ஐ.வி-2 ஆனது.

எச்.ஐ.வி-1 வேறு வழி. அதில் எம், என், ஓ, பி என்று நான்கு குழுக்கள். எம், என் இரண்டும் சிம்பன்சியிடமிருந்து, ஓ, பி இரண்டும் கொரில்லாவிடமிருந்து. ஆக, ஒரு தடவை தாவிப் பரவியதல்ல. நான்கும் நான்கு தனித் தாவல்கள். உலகத்தைச் சுற்றியது எம் மட்டும். தென்கிழக்குக் கேமரூன் காட்டில் பொறுக்கிய சிம்பன்சிச் சாணத்திலிருந்தே அதன் நெருங்கிய உறவைப் பிடித்தார்கள். மனிதரில் எம் பரவத் தொடங்கியது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி என்பது மரபணுக் கணக்கு. வேட்டையாடிய குரங்கை அறுக்கும்போது கைக்காயத்தில் பட்ட இரத்தம்தான் வழி என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1986-ல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்த இந்தியாவின் முதல் தொற்றுகளுக்கும் நாட்டுக்குரங்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உறவை எப்படிச் சொல்கிறார்கள்? மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்து. எச்.ஐ.வி-1-லும் சிம்பன்சி வைரஸிலும் வி.பி.யூ. என்ற ஜீன் இருக்கும், வி.பி.எக்ஸ். இருக்காது. எச்.ஐ.வி-2-லும் மங்காபே வைரஸிலும் அப்படியே தலைகீழ். தாவினால் மட்டும் போதாது, பூட்டையும் திறக்க வேண்டும். நம் செல்லில் டெதரின் என்ற புரதம், வெளியே கிளம்பும் வைரஸை வாலைப் பிடித்து நிறுத்திவைக்கும். சிம்பன்சி வைரஸ் அதை நெஃப் புரதத்தால் சமாளிக்கும். ஆனால் நெஃப் பிடிக்கிற அந்த 5 அமினோ அமிலத் துண்டு மனித டெதரினில் இல்லை. எம் குழு அந்த வேலையை வி.பி.யூ.விடம் ஒப்படைத்துத் தப்பித்தது. மறுபக்கம், எச்.ஐ.வி-1-ஐ ரீசஸுக்குள் செலுத்தினாலும் பிடிக்காது. அதன் செல்லிலுள்ள டிரிம்-5 ஆல்பா புரதம் வைரஸின் உள்ளுறையை வந்தவுடனே பிடித்து முடக்கிவிடும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். எச்.ஐ.வி-2 இந்தியாவிலும் உண்டு. நெவிராபின், எஃபாவிரென்ஸ் வகை மருந்துகள் அதற்கு வேலை செய்யாது. எச்.ஐ.வி-1-க்கான வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸ் அளவு) பரிசோதனையும் அதை எண்ணாது. ‘வைரஸ் இல்லை’ என்று தாள் வரும், சிடி-4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகும். ரிப்போர்ட்டில் 1-ஆ 2-ஆ என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நாட்டுக்குரங்கு, ரீசஸ் சேர்ந்த மக்காக் வகைக் குரங்குகளுக்கு, எச்.ஐ.வி. சேர்ந்த ரெட்ரோவைரஸ் குடும்பமே இல்லையா என்றால், உண்டு. எஸ்.டி.எல்.வி. ஆசிய மக்காக்குகளில் இருக்கிறது, மனிதரில் ஒருவகை இரத்தப் புற்றுநோய் தரக்கூடிய எச்.டி.எல்.வி-1 வைரஸுக்குச் சொந்தக்காரன். இன்னொன்று நுரை வைரஸ். 1954-ல் குரங்குச் சிறுநீரகச் செல் வளர்ப்பில் தென்பட்டது: செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே ஆப்பத்துக் கண் மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். எச்சிலில் இருக்கும், கடித்தால் மனிதருக்குத் தொற்றும், ஆயுளுக்கும் தங்கும். ஆனால் நோய் எதுவும் வந்ததாகவோ, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனதாகவோ பதிவில்லை. 1971-ல் கென்ய நோயாளி ஒருவரிடம் கண்டதை ‘மனித நுரை வைரஸ்’ என்றார்கள். பிறகு பார்த்தால் அது சிம்பன்சியுடையது. பெயரை நம்பி உறவு பேசக்கூடாது.

சரி, குரங்கு கடித்தால் பயப்பட வேண்டியது ரேபிஸுக்கு. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். ‘ரொம்ப நேரம்’ என்று நாம் நினைப்பது பெரும்பாலும் ஒரு நிமிடம்தான். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். தையலும் அவசரத்துக்குப் போடக்கூடாது. ரேபிஸ் தடுப்பூசி, தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்களில், ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில் தலா 0.1 மி.லி. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் உண்டு: மனித வகை என்றால் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரை வகை 40. முன்பே முழுக்கோர்ஸ் போட்டவர்களுக்கு 0, 3 போதும், குளோபுலின் தேவையில்லை.

நாயை 10 நாள் கட்டிவைத்துப் பார்ப்பது போலக் குரங்கைப் பார்க்க முடியாது. அது கூட்டத்தோடு மலையேறிவிடும். எனவே முதல் ஊசி அன்றைக்கே. 28-ம் நாளைக் காலண்டரில் அப்போதே வட்டம் போட்டுவிடுங்கள். அதற்குள் காயம் ஆறியிருக்கும், ஊசி மறந்திருக்கும்.