கித்தான் போர்த்தும் முன்

பிப்ரவரி 8
டிரெய்லருக்குக் கூரைப் பலகையும் பொருத்தியாயிற்று. 6 மி.மீ. ப்ளைவுட். இதன்மேல் பருத்திக் கித்தானை மரப்பசையால் ஒட்டி, வெளிச்சுவர் பெயின்ட் அடிக்க வேண்டும். ஃபைபர்கிளாஸும் (கண்ணாடி இழைத் துணி) எபாக்ஸியும் (அதை ஒட்டும் பிசின்) கட்டுப்படியாகாதவர்கள் செய்யும் வேலை இது. எனக்குப் பிடித்தது வேறொன்று: நெடி கிடையாது, பசை ஈரமாக இருக்கும்வரை தண்ணீரிலேயே கை கழுவிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9
நாள் முழுக்க ஸ்க்ரூதான். சாதாரண இரும்பு ஸ்க்ரூ ஈரப்பசையில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும் என்பதால், எல்லாவற்றையும் கழற்றி ஸ்டெயின்லெஸ் போட்டேன். தலைகளைப் பலகைக்குள் சற்று இறக்கி, மேலே மக்கு (பள்ளம் நிரப்பும் கலவை) அடைத்தேன். மக்கு காய்ந்தால் உள்வாங்கும். நாளை இன்னொரு தடவை அடைக்க வேண்டும். துணி எதையும் மறைக்காது. அடியிலிருக்கும் சின்ன மேடுகூட பெயின்ட் அடித்ததும் வெளியே தெரியும்.

பிப்ரவரி 11
பலகையின் விளிம்புகளைக் கூர்மழுக்கி உருண்டையாக்கினேன். கூர்மூலையில் துணி படியாமல் தூக்கி நிற்கும், உரசலில் முதலில் கிழிவதும் அங்கேதான்.

பிப்ரவரி 12
மனசு கனத்த நாள். பசை பிடிக்கிறதா என்று பார்க்க நேற்று கூரையிலும் பக்கப் பலகையிலும் ஒவ்வொரு துண்டுத் துணி ஒட்டி வைத்திருந்தேன். இன்று இழுத்துப் பார்த்தேன். கூரைத் துண்டு மரநாரைப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது, அவ்வளவு பிடிப்பு. பக்கத்துத் துண்டோ இழுத்ததும் முழுசாக உரிந்து கையோடு வந்துவிட்டது. பனிக்குப் பயந்து போன மாதம் அந்தப் பலகைக்கு வார்னிஷ் பூசியிருந்தேன். மரப்பசை நாருக்குள் ஊறித்தான் பிடிக்கும். வார்னிஷ் அந்தத் துளைகளையெல்லாம் அடைத்துவிட்டது. பலகையைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தது.

பிப்ரவரி 15
மூன்று நாளாக 80-ஆம் நம்பர் உப்புத்தாள். ப்ளைவுட்டின் மேல் ஏடு (மேலடுக்கு) மெல்லியது, அழுத்தித் தேய்க்க முடியாது. ஓரிடத்தில் அடி ஏடு எட்டிப் பார்த்தது. அங்கே மக்கு வைத்தேன். வார்னிஷ் போனதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன்: முத்தாக நின்றால் இன்னும் இருக்கிறது, பரவி ஊறினால் போய்விட்டது. பலகை முழுக்க இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சோதித்தேன். மாலைக்குள் எல்லாச் சொட்டும் ஊறின.

பிப்ரவரி 17
தூசியை உறிஞ்சியெடுத்து, பலகையின் வெட்டுமுனைகளுக்குத் தண்ணீர் கலந்த பசை பூசினேன். இவைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும் இடம். முதல் பூச்சு சில நிமிடங்களில் காணாமல் போனது. மூன்றாவதுதான் மேலே நின்றது.

பிப்ரவரி 18
பக்கப் பலகையில் நேற்று ஒட்டிய புதுத் துண்டை இழுத்தேன். துணி கிழிந்தது, பிடி விடவில்லை. கித்தானை வெட்ட ஆரம்பிக்கிறேன்.