குடை பிடித்த நாள்

நம் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று மெல்பர்ன் கிளையிலிருந்து கேட்டபோது, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, சிற்றுண்டிச் சாலை மீ கோரேங் என்று எத்தனையோ நினைவுக்கு வந்தன. ஆனால் எழுத உட்கார்ந்ததும் கை தானாக அந்தச் சனிக்கிழமைக்குப் போய்விட்டது. 2005 அக்டோபர் முதல் தேதி. தொடக்கப்பள்ளியின் இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். சோதனை முடிந்து, ஆறாம் ஆண்டு மாணவர்கள் 38 பேர் பினாங்குத் தீவின் தெலுக் பாஹாங்கில் படகேறிய நாள்.

கூட்டிப் போனவர் நம் அறிவியல் டீச்சர். எந்த டீச்சர் என்று அந்தக் காலத்தில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கின. அது முதலாம் ஆண்டு பிள்ளைகளிலிருந்து வந்ததால் நாங்கள் கடைசி வரை தமிழிலேயே படித்தோம். ஊர்வது, பறப்பது, நீந்துவது எல்லாவற்றுக்கும் டீச்சரிடம் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வருமே, அதைப் பார்க்கவே நாங்கள் மேலும் மேலும் கேட்போம்.

அந்தப் பயணம் எவ்வளவு பெரிய காரியம் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. சுனாமி வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அலை வந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் நம் பினாங்கில். அன்று நாங்களும் பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போவதாக இருந்தோம். சித்தப்பா வரத் தாமதமானது, அவ்வளவுதான். போகவில்லை. அதற்குப் பிறகு அம்மா கடல் பக்கமே திரும்பவில்லை. கர்னி டிரைவ் கடலோரச் சாலை வழியாகக் கார் போனால் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பல மாதம் வீட்டில் மீன் குழம்பு இல்லை. பள்ளியின் அனுமதிக் கடிதத்தை நான் நீட்டியபோது, படித்துக்கூடப் பார்க்காமல் மடித்துச் சாமி மேடைக்குக் கீழே வைத்துவிட்டார்.

டீச்சர் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த கோப்பி ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் பயமாத்தான் இருக்கு அக்கா. பிள்ளைங்க காலம் பூரா பயந்துகிட்டே இந்தத் தீவுல இருக்க முடியாதே, அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அம்மா கையெழுத்துப் போட்டார். வாசல் வரை போன டீச்சர் திரும்பி, "மறக்காம ஒரு குடை கொடுத்து அனுப்புங்க" என்றார். வகுப்பில் எல்லாருக்கும் அதே கட்டளைதான்.

தெலுக் பாஹாங் காட்டை 2003இல்தான் தேசியப் பூங்காவாக அறிவித்திருந்தார்கள். வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, உப்பு வாடை அடித்த மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு நான்கு படகுகளில் ஏறினோம். எங்கள் படகுக்காரர் வயதான மலாய்க்காரர். அடுத்த வாரம் புவாசா நோன்பு தொடங்குகிறது, அதற்குப் பிறகு வெயிலில் படகு ஓட்டுவது சிரமம் என்று சொல்லிக்கொண்டே மோட்டாரைக் கிளப்பினார்.

விரிகுடாவுக்குள் இருக்கும்வரை கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிதான் இருந்தது. தெலுக் டுயோங்கைத் தாண்டும்போது டீச்சர் கேட்டார், "டுயோங்னா தமிழ்ல என்ன?" யாருக்கும் தெரியவில்லை. "ஆவுளியா. கடற்பசுன்னும் சொல்லலாம். கடலடிப் புல்லை மேயுற பிராணி." அந்தக் கரையில் எங்கள் கண்ணில் பட்டவை நீள்வால் குரங்குகள்தாம். ஆனாலும் அந்தப் பெயரை நாங்கள் விடவில்லை. "ஆவுளியா, ஆவுளியா" என்று கரையைப் பார்த்துக் கத்தினோம்.

முக்கா ஹெட் முனையைச் சுற்றியதும் எல்லாம் மாறிவிட்டது. மேலே குன்றில் 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது, பாருங்கள் என்று டீச்சர் காட்டினார். நான் பார்க்கவில்லை. எனக்கு அலைதான் தெரிந்தது. படகு ஏறி ஏறி விழுந்தது; ஒவ்வொரு முறையும் அடிவயிறு தொண்டைக்கு வந்தது. தொலைக்காட்சியில் பார்த்த சுனாமிப் படங்கள் வரிசையாகக் கண்முன் ஓடின. பக்கத்து மேசைத் தோழி என் கையைப் பிடித்த பிடியில் நான்கு நகமும் பதிந்துவிட்டன. டீச்சர் அலைகளுக்கு முதுகு காட்டி, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "படகு மேல போறப்ப 'ஏறு'ன்னு கத்துங்க. கீழ வர்றப்ப 'இறங்கு'ன்னு கத்துங்க. கடலுக்குக் கேக்கணும்." கத்தினோம். ஏறு! இறங்கு! ஏழெட்டு அலை போனதும் கடலே நாங்கள் சொல்லித்தான் ஏறி இறங்குகிறது என்று தோன்றிவிட்டது.

திடீரென்று படகுக்காரர் மோட்டாரை அணைத்தார். "டியாம், டியாம்" என்று உதட்டில் விரல் வைத்தார். பேருந்துக் கதவு திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வருமே, அப்படி ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. படகிலிருந்து ஒரு துடுப்பு தூரத்தில், பண்டோங் பானத்தின் நிறத்தில் ஒரு முதுகு தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தது. ரோஸ் சிரப்பில் பால் கலந்த அதே நிறம். முதுகில் சாம்பல் புள்ளிகள், யாரோ சீப்பால் கோடு இழுத்த மாதிரி சில வடுக்கள். மூச்சில் மீன் வாடை. அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி, தாயின் விலாவை ஒட்டினாற்போலவே எழுந்து மூழ்கியது.

"ஓங்கில்," என்றார் டீச்சர் மெதுவாக. டால்பினுக்கு அவர் சொல்லும் தமிழ்ப் பெயர். "கூன்முதுகு ஓங்கில். பிறக்கும்போது சாம்பலா இருக்கும், வளர வளரத்தான் இந்த நிறம் வரும்." அவர் கண் கலங்கியிருந்தது. அந்த முனையில் அலை ஓயவே இல்லை, ஆனால் எங்கள் படகில் யாருக்கும் அது நினைவில்லை.

பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் இறங்கியதும் ஒரு சின்ன விபத்து. அங்கே சொறிமீன்கள் இருப்பதால் குளிக்கக் கூடாது. அலை கொண்டுபோன ஒற்றைச் செருப்பை எடுக்க முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிய ஒரு பையனைச் சொறி சுற்றிவிட்டது. கெண்டைக்காலில் பிரம்பால் அடித்த மாதிரி சிவப்புக் கோடுகள். டீச்சர் பையிலிருந்து ஒரு வினிகர் போத்தலை எடுத்தார். தேய்க்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டு, பாதிப் போத்தலை ஊற்றினார். அரை மணி நேரம் அழுதான். அவரிடம் வினிகர் இருந்தது என்பதை நான் இன்றும் நினைத்து நினைத்து வியக்கிறேன்.

கடற்கரையின் ஓரத்தில் மீன்வளத் துறையின் ஆமைக் காப்பகம். வேலி போட்ட மணலில் வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொன்றிலும் முட்டை புதைத்த தேதியும் எண்ணிக்கையும். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை பேராமைகள் இரவில் கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரிக்கும். மணலின் சூடு 29 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து வரும், அதைவிட ஏறினால் பெண் குஞ்சுகளே அதிகம் என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். என் தாத்தா தெரெங்கானுவில் சாலை வேலை பார்த்தவர். லீவில் வரும்போது பை நிறைய ஆமை முட்டை கொண்டு வருவாராம். அந்தப் பக்கம் ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்கு 10,000 கூடுகள் வைத்த பெரிய தோலாமைகள், நாங்கள் பள்ளியில் படித்தபோது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தாத்தாவின் அந்தக் கதை இனிப்பதில்லை.

விடியற்காலையில் மழை பெய்து மணல் குளிர்ந்திருந்தது. குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும். மணல் குளிர்வதுதான் அவற்றுக்கு அடையாளம். அன்று அந்தக் குளிர்ச்சியை இரவு என்று எண்ணிக்கொண்டனவோ என்னவோ, 98 என்று எழுதிய குச்சிக்குக் கீழே மணல் கன்னக்குழி மாதிரி உள்வாங்கியது. அதிலிருந்து ஒரு துடுப்புக் கை. பிறகு மூக்கு. பிறகு பானையில் பொங்கல் பொங்கின மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தன. உள்ளங்கையில் பாதிகூட இல்லை. மேலே கருப்பு, ஓரத்திலும் அடியிலும் வெள்ளை. ஊழியர் வேலியைத் திறந்தார். தொடக் கூடாது, குறுக்கே நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றோம். குஞ்சுகள் கடலை நோக்கி நடக்க ஆரம்பித்தன. அவை போன தடம் ஈர மணலில் தையல் போட்ட மாதிரி விழுந்தது.

மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. கருடன்! பாட்டி சொல்லிக் கொடுத்தபடி நாங்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். போட்ட கை இறங்குவதற்குள் அது சரேலென்று இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்தக் கத்தலை என்னால் எழுத முடியாது. சிலர் அழுதார்கள். என் தோழி மணலில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர்தான் முதலில் குடையை விரித்தார். "குடையை விரிங்க! எல்லாரும்!" 38 குடைகள். கருப்பு, பூப்போட்டது, வங்கியில் இலவசமாகக் கொடுத்தது, ஒரு கம்பி ஒடிந்தது. கூட்டிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை இரண்டு வரிசையாக நின்று, நடுவில் வழிவிட்டுக் குடைகளை மேலே சேர்த்துப் பிடித்தோம். தைப்பூசத்தில் தேர் போகும்போது சாமிக்குக் குடை பிடிப்பார்களே, அதுதான் எனக்குத் தோன்றியது. அடியில் அந்தச் சின்னஞ்சிறு ஊர்வலம் போய்க்கொண்டே இருந்தது. ஒன்று என் சப்பாத்து ஓரத்தில் முட்டி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையைத் தூக்கி, வெளிச்சத்தைத் தேடி, திரும்பி, போயிற்று.

சத்தமாக எண்ணினோம். தண்ணீரைத் தொட்டவை 60. செம்பருந்து மூன்று முறை தாழ்ந்து வந்து பார்த்துவிட்டுக் காட்டுப் பக்கம் போனது.

மதியத்துக்கு மேல் காற்று ஏறிவிட்டது. "தக் போலே, ஓம்பாக் பெசார்" என்று படகுக்காரர் தலையாட்டினார். முடியாது, பெரிய அலை என்று அர்த்தம். சரி, காட்டு வழியாக நடந்தோம். மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் கலக்காமல் கிடக்கும் ஏரியைப் பாலத்திலிருந்து பார்த்தது, அட்டை கடித்தது, மழையில் அதே குடைகளோடு இரண்டு மணி நேரம் நடந்தது எல்லாம் இருக்கிறது. நான் நடந்தவள் இல்லை, மிதந்தவள்.

வீட்டில் அம்மா என் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். அரைக் கிண்ணம் மணல். கொட்டிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓயாமல் பேசினேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 26 வந்தது. காலையில் அம்மா மல்லிகைச் சரம் இரண்டு முழம் வாங்கி வந்து, "கிளம்பு" என்றார். பத்து பெரிங்கியில் கூட்டம் இல்லை. பூவைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் விட்டார். சேலை விளிம்பு நனைந்தது. அவர் தூக்கிப் பிடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "அந்தக் குஞ்சுங்க எல்லாம் எந்தப் பக்கமாப் போச்சு?" என்று கேட்டார்.

நான் மேற்கே கை காட்டினேன்.