வாடகை வீட்டு மோட்டர் எரிந்தால் செலவு யாருடையது?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நாங்கள் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கனடாவில். திறப்பும் வாடகைக் காசும் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அவருடைய சின்னம்மாவின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருக்கும் பலருக்கு இந்த ஏற்பாடு பழக்கம்தான். ஏதாவது பழுதானால் இங்கே இருப்பவரால் முடிவு சொல்ல முடியாது. முடிவு சொல்லக்கூடியவருக்கு அப்போது நடுச்சாமம்.

ஆவணியில் கிணற்று மோட்டர் நின்றது. சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல், உடனே ட்ரிப் விழும். நாங்கள் அன்ரி என்று கூப்பிடும் அந்தச் சின்னம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி இல்லாத நேரம் ஓட விட்டிட்டியளோ, பிள்ளை?"

கேட்டதில் பிழையில்லை. ஆடி, ஆவணியில் இங்கே கிணறுகள் இறங்கிவிடும். தண்ணீர் ஏறாமல் மோட்டர் சும்மா ஓடினால் சூடேறிக் கெட்டுவிடும். அப்படி நடந்திருந்தால் செலவு எங்கள் தலையில்தான். ஆகவே காசுக் கதைக்கு முன்னால் பழுதுக்கான காரணம் தெரிய வேண்டும்.

அன்றிரவே சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். என்ன நடந்தது, எந்த மெக்கானிக்கைக் கூப்பிடப் போகிறோம், தனக்குத் தெரிந்த ஆளை அனுப்ப விருப்பமா என்றெல்லாம் கேட்டிருந்தேன். தொலைபேசியில் பேசாமல் எழுதச் சொன்னது சட்டத்தரணியாக இருக்கும் என் மச்சாள். வாடகை விசயத்தில் இலங்கையின் பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். வீட்டைப் பாவிக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது அதன்படி சொந்தக்காரரின் கடமை. நாங்களே திருத்திவிட்டு வாடகையில் கழிப்பதென்றால், முதலில் அவருக்கு அறிவித்து நியாயமான அவகாசம் கொடுத்திருக்க வேண்டும் என்றாள்.

மெக்கானிக் வந்து மோட்டரைக் கிணற்றடியிலேயே கழற்றினார். பம்பின் உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் தண்ணீருக்கு அது வழக்கம். தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்து, தண்ணீர் மெல்ல மெல்லப் பேரிங்குக்குள் இறங்கியிருக்கிறது. பேரிங் துருப்பிடித்து இறுகிப் போக, சுற்ற முடியாமல் மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று, வைண்டிங், எரிந்திருக்கிறது. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை நிமிர்த்திக் காட்டினார். "இது பிளாஸ்ரிக். தண்ணி இல்லாமல் ஓடியிருந்தால் உருகியிருக்கும். இதில ஒரு கீறல் இல்லை, பாருங்கோ." அன்ரியும் குனிந்து பார்த்தார். அந்த வசனத்தையே பில்லில் எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். பழைய பேரிங்கையும் சீலையும் ஒரு பையில் போட்டு அன்ரியிடமே கொடுத்துவிட்டோம்.

சொந்தக்காரர் முதலில் "பாதி பாதி போடுவம், தங்கச்சி" என்றார். பில்லின் படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் குரல் பதிவு வந்தது: "சரி, மோட்டர் வீட்டோட சேர்ந்ததுதானே. அடுத்த மாத வாடகையில கழியுங்கோ." அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை.

மாரியில் பிரிட்ஜ் நின்றபோது கதை வேறு. ஒப்பந்தத்தில் மின்விசிறி, மோட்டர், ஹீட்டர் எல்லாம் இருந்தன, பிரிட்ஜ் இல்லை. "அது அம்மாவின்ர. கிடந்தால் பாவிக்கட்டும் எண்டு விட்டது" என்றார் சொந்தக்காரர். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். வாடகையில் சேராத பொருளைத் திருத்தித் தா என்று எப்படிக் கேட்பது? கொம்பிரசர் மாற்றும் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு நாங்களே ஒன்று வாங்கினோம்.

கொக்குவிலில் இருக்கும் என் தோழிக்கு எழுத்தில் எதுவுமே இல்லை, மாதத்துக்கு மாதம் வாய்ப்பேச்சு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும். மாத வாடகைக்கு அது தேவையில்லை என்பதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவளுடைய மோட்டர்ப் பிரச்சினை இப்போது மத்தியஸ்த சபையில் இருக்கிறது. வழக்குக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அங்கேயும் கையில் ஒரு துண்டுக் கடதாசியாவது இருந்தால்தான் பேசலாம்.

எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு பக்கம் கூடுதலாக எழுதிச் சேர்த்தோம். வீட்டிலுள்ள பொருட்கள் ஒவ்வொன்றும், அவற்றின் அப்போதைய நிலையும் அதில் உண்டு. வயதாகிப் பழுதானால் அவர், எங்கள் கவனயீனத்தால் பழுதானால் நாங்கள். பல்ப், பைப் வாசர் போன்ற சின்னச் சாமான்கள் எங்கள் செலவு. அதில் குறித்த தொகைக்கு உட்பட்ட திருத்தம் என்றால் அறிவித்துவிட்டு உடனே செய்யலாம், பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வரிக்குத்தான் அவர் கொஞ்சம் இழுத்தடித்தார்.

பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டரைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்று போட வேண்டுமாம். போட்டுத் தந்தது அவருடைய காசில். அது பழுதானால் யார் செலவு என்பதையும் அதே பக்கத்தில் எழுதியாயிற்று: அவருடையது.