நான்கு அலைக்குறிகள்

ஜூன் 9, 2024, ஞாயிறு

தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒரு கணக்கு தொடங்கினேன். தூத்துக்குடியில் இருபது வருஷமாக உப்பு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவளுக்கு இன்னொரு கணக்கு! சொந்தப் பெயரைப் போட வெட்கமாக இருந்தது. 'அளத்துக்காரி' என்று வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் பேச்சுப் பக்கத்தில் 'வாருங்கள்' என்று ஒரு வரவேற்பு வந்து விழுந்தது. யாரோ எனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் அரை மணி நேரம் பதில் எழுதினேன். பிறந்த ஊர், படித்த பள்ளி, அம்மாவின் முட்டுவலி, எல்லாம் அதில் இருந்தது. அப்புறம் பார்த்தால் அது புதிதாக வருகிற எல்லோருக்கும் போடுகிற வார்ப்புருவாம். அச்சடித்த கல்யாணப் பத்திரிகைக்கு நாலு பக்கம் நன்றிக் கடிதம் எழுதியது போல ஆயிற்று.

ஜூன் 11, செவ்வாய்

பயனர் பக்கம் இன்னும் காலி. அறிமுகமாக ஏதாவது எழுதலாமே என்று உட்கார்ந்தேன். 'இலக்கிய ஆர்வலர்' என்று எழுதி அழித்தேன். 'சமூக ஆர்வலர்' என்பதையும் அழித்தேன். இந்த 'ஆர்வலர்' என்ற சொல்லே வேறொன்றும் சொல்ல இல்லாதபோது போட்டுக்கொள்வது என்று தோன்றுகிறது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, எழுதுற, அழிக்கிற?"

"நான் யாருன்னு எழுதணுமாம்மா."

"அதுக்கா இம்புட்டு நேரம்?"

ஜூன் 13, வியாழன்

பேசிக்கொள்ளும் பொது இடத்துக்கு இங்கே 'ஆலமரத்தடி' என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்கு 'ஊர் அடிபம்பு' என்று பெயர், நமக்கு ஆலமரம். வைத்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்றைக்கு ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கிறது. சம்பளம் வாங்காமல் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்.

ஓர் ஓரமாக நின்று வணக்கம் சொன்னேன். கையெழுத்துப் போட மறந்துவிட்டேன் என்று ஒருவர் பண்பாகச் சொன்னார். பேச்சின் கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். அந்தக் குறியைக் கைப்பேசியில் தேடிப் பிடிக்கவே பத்து நிமிஷம். இரண்டாம் பக்கத்துக் குறிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

'மணல்தொட்டி' என்கிற பயிற்சிப் பக்கத்தில் பழகிய தைரியத்தில், உப்பளம் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். மழை முடிந்ததும் பாத்தியின் அடித்தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அப்போதுதான் உப்பில் சேறு கலக்காது. கடல்நீர் உப்புச் செறிவு அளவில் (போமே) மூன்று டிகிரி சுமாருக்கு வரும். வெயிலில் வற்றி இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு பூக்கும். குஜராத்துக்கு அடுத்தபடி அதிக உப்பு நம் மாநிலத்தில்தான், அதில் பெரும்பங்கு இந்த ஊருடையது. இத்தனையும் எழுதி, சான்று என்ற இடத்தில் 'என் அம்மா' என்று போட்டேன்.

மாலைக்குள் நீக்கிவிட்டார்கள். அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்று குறிப்பு. முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம்தான். ஆளாளுக்கு அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் என்ன ஆவது?

அம்மாவிடம் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் மிதித்த கால். இரண்டு உள்ளங்காலிலும் வெடிப்பு, அதற்குள் கறுத்த கோடு. விளக்கெண்ணெய் தடவும்போது எண்ணிப் பார்த்தேன், இடது காலில் மட்டும் ஏழு.

ஜூன் 22, சனி

மாவட்ட மைய நூலகத்தில் உப்புத் தொழில் பற்றி ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. பாத்தி மிதிப்பதற்கு அதில் ஒன்றரை வரி ஒதுக்கியிருக்கிறார்கள். போதும். பக்க எண்ணோடு அந்தப் பத்தியை மறுபடி சேர்த்தேன். ராத்திரி பத்து மணி வரை யாரும் கை வைக்கவில்லை.

அப்புறம் பயனர் பக்கத்தைத் திறந்தேன். கட்டுரையில் 'நான்' வரக்கூடாது, இங்கே வரலாம். ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று:

'தூத்துக்குடி. உப்புக் கணக்கு எழுதுகிறேன். அம்மா அளத்தில் பாத்தி மிதித்தவள். அச்சில் இல்லாததை அவளிடம் கேட்டுக்கொள்கிறேன், அச்சில் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.'

கீழே மறக்காமல் நான்கு அலைக்குறி. சொந்தப் பக்கத்தில் கையெழுத்துத் தேவையில்லை என்று சொல்ல நாளைக்கு யாராவது வருவார்கள்.