இரண்டு ‘ப’வும் ஒரு பி.எஃப். கணக்கும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் ஒடிசாப் பையன்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ்ச் சொல் ‘சரிங்க’. புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க. அது தெரிந்தும் நான் ஏமாந்தேன்.

பலாங்கீர் மாவட்டத்துப் பையன், ஓவர்லாக் டைலர். 2016இல் சேர்ந்தபோது பெயரைக் கேட்டு நோட்டில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டினேன். ‘சரிங்க’ என்றான். அந்தப் பெயரில் இரண்டு ‘ப’ உண்டு. முதலாவது பஸ்ஸில் வருகிற ப, அடுத்தது பழத்தில் வருகிற ப. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. என் நோட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏற்றியவர் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். ஆதார் நகல் ஃபைலிலேயே தூங்கியது.

2021இல், ஆதாரோடு இணைக்காத கணக்குக்கு பி.எஃப். கட்ட முடியாது என்று விதி வந்தது. அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. திருத்தம் கேட்டு அவன் விண்ணப்பிக்க வேண்டும், கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு பி.எஃப். அலுவலகம் ஏற்க வேண்டும். முதல் தடவை திரும்பி வந்தது. இரண்டாவது தடவை, ஒரு மாதம் இழுத்து, தேறியது.

ஆதாரை இணைப்பதுதான் பெரும்பாடு. ஓடிபி ஊரில் இருக்கும் அவன் அண்ணனின் போனுக்குப் போகிறது. அண்ணன் வயலில் நின்று ஒடியாவில் எண்களைக் கத்துகிறார், லைன் கரகரக்கிறது, அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மூன்றாவது முறை, நான்கு வருடத்தில் தமிழ் பழகிவிட்ட அயர்னிங் செக்‌ஷன்காரர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் கேட்டுச் சொல்லச் சொல்ல, பையன் வேஸ்ட் துணியில் மார்க்கிங் சாக்கால் ஒவ்வோர் எண்ணாக எழுதினான். இணைந்துவிட்டது.

அப்புறம் அவர் மூலமாகப் பையன் ஒன்று கேட்டான்: “இந்தக் கணக்கு எதற்கு?”

ஐந்து வருடமாகப் பிடித்த 12 சதவீதத்தை ரூம் வாடகை என்று நினைத்திருக்கிறான். எங்கள் சம்பளச் சீட்டு தமிழில்தான் இருக்கும். கான்ட்ராக்டர் மூலம் வரும் வெளிமாநிலத் தொழிலாளிக்குக் கூலி, பிடித்தம் எல்லாவற்றையும் அவர் மொழியிலும் எழுதி, போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அப்படி ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை.

பிடித்ததும், கம்பெனி தன் பங்குக்குப் போட்டதும் உன் பேரில்தான் இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். இருப்பைத் திறந்து காட்டினேன். இந்த முறை ‘சரிங்க’ என்று சொல்லவில்லை. சாக்கை எடுத்து, ஓடிபிக்குக் கீழே அந்தத் தொகையை எழுதி, துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.